ரூபி படிக்க வெளிக்கிடுறவைக்கு: முதல்ல எந்தச் சாமான் வேணும்?

போன மாசம் வட்டக்கச்சியில இருந்து எங்கட சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் பழைய லப்டொப் ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன். ஏஎல் எழுதிப்போட்டு நிக்கிறான், சும்மா நிக்காமல் வெப் புரோகிராமிங் பழகுவம் எண்டு ரூபி எண்ட புரோகிராமிங் மொழியில தொடங்கியிருக்கிறான். வந்த கையோட சொன்னான், "அண்ணை, வீடியோவில அடிச்சமாதிரியேதான் நானும் அடிச்சனான், ஒரு எழுத்துக் கூட மாத்தேல்ல, அவருக்கு வேலை செய்யுது எனக்குச் சிவப்புச் சிவப்பா வருது" எண்டு. வாங்கிப் பாத்தன். அவன் பாக்கிற வீடியோ, ரூபியில வெப்சைற் கட்டுறதுக்கு இருக்கிற ரெயில்ஸ் எண்ட சாமானின்ர 3ம் வேர்சன் காலத்தது. அவன்ர மிசினில கிடக்கிறது ரெயில்ஸ் 8. இதில பெரிய பகிடி என்னெண்டா ரெயில்ஸ் தானா எழுதிக் குடுத்த சரியான வரியை அழிச்சுப்போட்டு வீடியோவில இருக்கிற பழைய வரியைப் பாத்துப் பாத்து அடிச்சு வச்சிருக்கிறான்.

பிழை அவனில இல்லை. புதுசாப் படிக்கிற ஆக்கள் "ரூபிக்கு என்னென்ன டூல்ஸ் வேணும், எங்க படிக்கிறது" எண்டு கேட்டா ஆளாளுக்கு இருபது முப்பது டூலின்ர பேரைச் சொல்லி அனுப்பிவிடுவினம், எந்தச் சாமான் எந்த வேர்சனோட பொருந்தும் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லமாட்டினம். லான்ட்மாஸ்ரருக்கு (கை உழவு மிசின்) பெல்ட் அறுந்தா நாங்கள் என்ன செய்வம், அறுந்த பெல்ட்டைக் கையில கொண்டுதானே கடைக்குப் போவம்? சும்மா போய் "பெல்ட் ஒண்டு தாங்கோ" எண்டா கடைக்காரர் நம்பரைக் கேட்பார், தெரியாட்டித் திருப்பி அனுப்புவார். ரூபியிலயும் கதை உதேதான். ஆகவே இந்தக் கட்டுரையில டூல் பட்டியல் போட வரேல்ல, எந்தச் சாமான் எதுக்கு, எதை முதல் எடுக்கிறது, எதை ஆறுதலா எடுக்கலாம் எண்டதை மட்டும் சொல்லுறன், அதோட எங்கட பக்கம் கரண்டும் டேட்டாவும் எப்பிடியெண்டு தெரியும்தானே, அதுக்கேத்த மாதிரி.

ஒரு விசயம் முதல்லயே சொல்லிப்போடுறன், கொமாண்டுகளை நான் தமிழ் எழுத்தில எழுதுறன், நீங்கள் டேர்மினல்ல (கொமாண்ட் அடிக்கிற திரை) அடிக்கேக்க இங்கிலிசிலதான் அடிக்கவேணும்.

ரூபி வேற ரெயில்ஸ் வேற. கனபேர் இதைக் குழப்பிக்கொள்ளுறவை. ரூபி எண்டது மொழி, யப்பான்காரர் யுகிஹிரோ மட்சுமோட்டோ செய்தது, 1995ல வெளியில விட்டவர், அவரை எல்லாரும் மட்ஸ் எண்டுதான் சொல்லுறது. ரெயில்ஸ் எண்டது அந்த மொழியில எழுதின ஒரு பெரிய சட்டகம், வெப்சைற் கட்டுறதுக்கு. டேவிட் ஹைனமைர் ஹான்சன் எண்ட டென்மார்க் ஆள் பேஸ்காம்ப் எண்ட சொப்ட்வெயாரைக் கட்டேக்க அதுக்குள்ள இருந்து பிரிச்செடுத்து 2004ல வெளியில விட்டது. வீடு கட்டுறதோட ஒப்பிட்டா ரூபி சீமெந்தும் கல்லும், ரெயில்ஸ் ஏற்கனவே அத்திவாரமும் தூணும் போட்டுத் தந்த வீடு, நீங்கள் அறையைப் பிரிச்சுக் கதவு யன்னல் வச்சாக் காணும். இரண்டுக்கும் தனித்தனி வேர்சன் நம்பர் இருக்கு. ரூபி ஒவ்வொரு வருசமும் டிசம்பர் 25, நத்தார் அண்டைக்குப் புது வேர்சன் விடும். ரெயில்ஸுக்கு அப்பிடி நாள் கிழமை ஒண்டும் இல்லை.

இனி இன்ஸ்டால். கனபேர் இந்த இடத்திலயே கைவிட்டிட்டுப் போறவை, அதால கொஞ்சம் மினக்கெட்டுச் சொல்லுறன். உபுண்டு 22.04 (லினக்ஸில ஒரு வகை) வச்சிருக்கிற ஒராள் "ஏபிடி இன்ஸ்டால் ரூபி" எண்டு அடிச்சா ரூபி 3.0 தான் வரும். ரெயில்ஸ் 8க்கோ ரூபி 3.2 அல்லது அதுக்கு மேல வேணும். அப்ப ரெயில்ஸைப் போடப் போனா "உன்ர ரூபி பழசு" எண்டு சொல்லி நிக்கும். பெடியனும் இதில ஒரு நாள் முழுக்க நிண்டிருக்கிறான். இதுக்குத்தான் வேர்சன் மனேஜர் எண்டு ஒரு சாமான் இருக்கு, ஆர்பிஎன்வ், ஆர்விஎம், ஏஎஸ்டிஎவ், மீஸ் எண்டு நாலு அஞ்சு பேரில இருக்கு, எல்லாம் செய்யிற வேலை ஒண்டுதான்: ஒரே மிசினில ரூபி 3.2, 3.3, 3.4 எண்டு பக்கத்துப் பக்கத்தில வச்சிட்டு, இந்த போல்டருக்குள்ள வந்தா இந்த ரூபி, அந்த போல்டருக்குள்ள போனா அந்த ரூபி எண்டு தானா மாத்திவிடும். எது நல்லம் எண்டு சண்டை பிடிக்காதேங்கோ, ஒண்டை எடுத்து அதிலயே நில்லுங்கோ, ரெண்டை ஒண்டா மட்டும் போடாதேங்கோ, பிறகு எந்த ரூபி எங்க இருந்து வருது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஆர்பிஎன்வ் தான் பாவிக்கிறன், பழகிப்போச்சு.

ஆர்பிஎன்வ் மாதிரியானதுகள் ரூபியின்ர மூலக்கோடை இறக்கி உங்கட மிசினிலயே கொம்பைல் பண்ணும், அதாவது மிசின் ஓடக்கூடிய வடிவத்துக்கு மாத்தும். பழைய லப்டொப் எண்டா தேத்தண்ணி போட்டுக் குடிச்சு, கோழிக்குத் தீன் வச்சிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். அதுக்கு முதல் 'பில்ட் எசென்சியல்' எண்ட தொகுதியும் 'லிப்யாமல் டெவ்' எண்டதும் உபுண்டுவில இருக்கவேணும், ரெண்டாவது இல்லாட்டி எல்லாம் முடியப்போற நேரத்தில சைக் எண்டு ஒரு துண்டு கொம்பைல் ஆகேல்ல எண்டு சொல்லி விழும், திருப்பி முதல்ல இருந்து. பற்றரி போன லப்டொப் எண்டா கரண்ட் நிக்கும் எண்டு தெரிஞ்ச நேரமாப் பாத்துத் தொடங்குங்கோ. விண்டோஸ் வச்சிருக்கிறவை டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸை ஓட விடுற சாமான்) போட்டு அதுக்குள்ள உபுண்டு வச்சுப் படிக்கிறது நல்லம், ரூபி இன்ஸ்டாலர் எண்டு விண்டோஸுக்கு நேராவும் இருக்கு, மொழி பழக அது காணும், ரெயில்ஸ் எண்டு வரேக்கதான் அங்க இங்க இடறும்.

ரூபி வந்திட்டுது எண்டா ரெயில்ஸுக்கு உடன ஓடாதேங்கோ. 'ஐஆர்பி' எண்டு அடிச்சுப் பாருங்கோ. இது ரூபியோட சேந்தே வாற சாமான், இன்ரநெற் ஒண்டும் வேண்டாம், நீங்கள் ஒரு வரி அடிக்க அது உடன விடை சொல்லும், கல்குலேற்றர் மாதிரி. என்னைக் கேட்டா ரூபி படிக்கிற ஆளுக்கு இதை விட நல்ல வாத்தியார் இல்லை. பெடியனுக்கு நான் முதல் காட்டினது எங்கட ஊர்ப் பேரைத்தான். மேற்கோளுக்குள்ள "வன்னி" எண்டு அடிச்சுப் புள்ளி வச்சு 'லெங்த்' எண்டு கேட்டம். எத்தினை வரும் எண்டு அவனைக் கேட்டன், வ, ன், னி, மூண்டு எண்டான். ஐஆர்பி சொன்னது 5.

ஏன் 5? யூனிகோட்டில (எழுத்துகளுக்கு நம்பர் குடுக்கிற பொது முறை) வ ஒண்டு, ன ஒண்டு, அதின்ர குத்து தனிய ஒண்டு, திருப்பி ன ஒண்டு, 'ி' தனிய ஒண்டு, ஆக அஞ்சு துண்டு. 'பைட்சைஸ்' எண்டு கேட்டா 15 வரும், ஏனெண்டா தமிழ்த் துண்டு ஒவ்வொண்டுக்கும் யூடிஎவ் 8ல (அந்த நம்பர்களைச் சேமிக்கிற முறை) 3 பைட் வேணும். நாங்கள் எண்ணுற மாதிரி 3 வரவேணும் எண்டா 'கிராபீம் கிளஸ்டர்ஸ்' எண்டு ஒரு மெதட் ('லெங்த்' மாதிரிப் புள்ளி வச்சுக் கேக்கிற கட்டளை) இருக்கு, ரூபி 2.5ல வந்தது, அதைப் போட்டு எண்ணவேணும். 'ரிவேர்ஸ்' எண்டு அடிச்சா இன்னும் பகிடி, முன்னுக்கு 'ி' தனிய அந்தரத்தில தொங்கும்.

இது சும்மா விளையாட்டு இல்லை. இந்தப் பெடியன்ர மாமா பரந்தன் பக்கம் நெல்லு வாங்கி விக்கிறவர், அவருக்கு ஒரு கணக்குக் கொப்பியை வெப்சைற்றாச் செய்து குடுக்கோணும் எண்டதுதான் இவன்ர ஆசை. விவசாயியின்ர பேர் 12 எழுத்துக்கு மேல வரக்கூடாது எண்டு ரெயில்ஸில கட்டுப்பாடு போட்டா, சிவபாலசுந்தரம் எண்ட ஆளை உள்ள விடாது. எங்கட கணக்கில 9 எழுத்து, ரூபியின்ர கணக்கில 14. இதுகளை ஐஆர்பியில பத்து நிமிசம் விளையாடிப் பாத்த ஆளுக்குத்தான் பிறகு பிடிபடும். மொழியைப் பற்றின விளக்கம் வேணும் எண்டா 'ஆர்ஐ' எண்டு இன்னொண்டு கூடவே வரும், டேர்மினல்ல 'ஆர்ஐ அரே#மப்' எண்டு அடிச்சா அந்த மெதட்டுக்கு உரிய விளக்கமும் உதாரணமும் அப்பிடியே வரும், இதுக்கும் நெற் வேண்டாம்.

சரி, இப்ப ஜெம். ரூபி உலகத்தில எல்லாரும் எந்த நேரமும் கதைக்கிற சொல் இதுதான், விளங்கினாப் பாதி வேலை முடிஞ்சுது. வேற ஒராள் எழுதி, பொதி கட்டி, ரூபிஜெம்ஸ் எண்ட பொதுக் களஞ்சியத்தில போட்டு வச்சிருக்கிற கோட் பொதிதான் ஜெம். பாஸ்வேர்ட் போட்டு உள்ள போற வேலைக்கு ஒரு ஜெம், படத்தைச் சின்னதாக்க ஒரு ஜெம், ரெயில்ஸே ஒரு ஜெம்தான். பிரச்சினை எங்க வருது எண்டா ஒரு ஜெம் தன்ர வேலைக்கு இன்னும் நாலு ஜெம்மை இழுக்கும், அந்த நாலும் இன்னும் பத்தை இழுக்கும், ஒண்டு சொல்லும் எனக்கு அந்த ஜெம்மில 2ம் நம்பர் வேணும் எண்டு, மற்றது சொல்லும் 3 இல்லாட்டி நான் வரமாட்டன் எண்டு. கலியாண வீட்டில பந்திக்கு ஆக்களைக் கூப்பிடுற மாதிரித்தான், இவர் வந்தா அவர் வரமாட்டார்.

இதைத் தீக்கிற ஆள் பண்ட்லர். நீங்கள் 'ஜெம்பைல்' எண்ட பைலில உங்களுக்கு வேணும் எண்டதை மட்டும் எழுதுவீங்கள். பண்ட்லர் உக்காந்து எல்லாருக்கும் ஒத்துவாற மாதிரி நம்பர்களைக் கண்டுபிடிச்சு 'ஜெம்பைல் டொட் லொக்' எண்ட இன்னொரு பைலில ஒவ்வொண்டையும் அச்சொட்டா எழுதி வைக்கும். இந்த லொக் பைல்தான் நான் சொன்ன அறுந்த பெல்ட். இதைக் கையில வச்சுக்கொண்டு எந்த மிசினுக்குப் போய் 'பண்டில் இன்ஸ்டால்' எண்டு அடிச்சாலும் அதே நம்பர் சாமான்தான் வரும். இதில புதுசா வாறவை செய்யிற ரெண்டு பிழை இருக்கு. ஒண்டு, லொக் பைல் தானா வந்ததுதானே எண்டு கிட் எண்ட, கோடின்ர மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற டூலில சேக்காமல் விடுறது. மற்றது, எரர் வந்த உடன கூகிளில யாரோ சொன்னது எண்டு 'பண்டில் அப்டேட்' எண்டு வெறுமன அடிக்கிறது. இன்ஸ்டால் லொக்கில இருக்கிறதை அப்பிடியே எடுக்கும். அப்டேட் அந்த லொக்கைத் தூக்கி எறிஞ்சுபோட்டு எல்லாத்துக்கும் புது நம்பர் தேடும். நேற்று ஓடினது இண்டைக்கு ஓடாமப் போறதுக்கு முக்கால்வாசி காரணம் உதுதான். ஒரு ஜெம்மை மட்டும் புதுசாக்கோணும் எண்டா அப்டேட்டுக்குப் பிறகு அந்த ஜெம்மின்ர பேரையும் சேத்து அடியுங்கோ.

ஜெம்பைலில '~>' எண்டு ஒரு குறி காணுவீங்கள், அலையும் அம்பும். '~> 8.0.1' எண்டா 8.0.1, 8.0.2 எண்டு கடைசி நம்பர் கூடலாம், 8.1க்குப் போகக்கூடாது. '~> 8.0' எண்டா 8.1, 8.2 எல்லாம் சரி, 9 மட்டும் வேண்டாம். அதாவது எழுதின கடைசி நம்பர் மட்டும்தான் கூடலாம். ஒரு புள்ளி கூடக்குறைய எழுதினாக் கருத்தே மாறும், இதை ஒருக்காக் கொப்பியில எழுதிப் பாத்துக்கொள்ளுங்கோ, நான் பழகேக்க இதால பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

டேட்டா இல்லாத ஆக்களுக்கு பண்ட்லரில ஒரு நல்ல வழி கிடக்கு, கனபேருக்குத் தெரியாது. நெற் நல்லா இருக்கிற இடத்தில நிண்டு 'பண்டில் காஷ்' எண்டு அடிச்சா, தேவையான ஜெம் எல்லாத்தையும் உங்கட புரொஜெக்ட்டுக்குள்ளயே 'வென்டர்' எண்ட போல்டரில 'காஷ்' எண்டதுக்குள்ள கொண்டுவந்து அடுக்கிவிடும். அந்த புரொஜெக்ட் போல்டரை அப்பிடியே பென் டிரைவில கொப்பி பண்ணி வீட்டை கொண்டுபோய் 'பண்டில் இன்ஸ்டால்' எண்டு அடிச்சுப் பின்னால ரெண்டு கோடு போட்டு 'லோக்கல்' எண்டு சேத்தாச் சரி, ஒரு எம்பி டேட்டா போகாது. அறிவியல்நகர்ல படிக்கிற பிள்ளையளுக்குக் கம்பஸ் நெற் இருக்கும், ஒட்டுசுட்டானிலயோ மாங்குளத்துக்கு உள்ளுக்கயோ இருக்கிற பிள்ளைக்கு ஒருக்காப் பென்னில போட்டுக் குடுத்தா எவ்வளவு உதவி. ரெண்டு மிசினிலயும் ஒரே ரூபி வேர்சன் இருக்கோணும், ஒரே மாதிரி ஒபரேட்டிங் சிஸ்டமா இருந்தா இன்னும் நல்லம், ஏனெண்டா நோகோகிரி மாதிரிச் சில ஜெம் மிசினுக்கு ஏத்த மாதிரித் தனித்தனியாக் கொம்பைல் பண்ணி வாறது.

'ஜெம் நேட்டிவ் எக்ஸ்டென்சன் கட்ட ஏலேல்ல' எண்டு ஒரு நீள எரர் ஒருநாள் கட்டாயம் வரும். பயப்பிடாதேங்கோ, அந்த ஜெம்முக்குள்ள சி மொழியில எழுதின துண்டு இருக்கு, அதைக் கொம்பைல் பண்ண உங்கட மிசினில ஏதோ ஒரு லைப்ரரி இல்லை எண்டதுதான் கதை. போஸ்ட்கிரஸ் எண்ட டேட்டாபேசுக்கான பிஜி ஜெம்மில வந்தா 'லிப்பிகியூ டெவ்' போட்டாச் சரி. ஆனா படிக்கிற காலத்தில போஸ்ட்கிரஸே வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். ரெயில்ஸ் தானாத் தாறது எஸ்கியூலைற், முழு டேட்டாபேசும் ஒரே ஒரு பைல், தனியா ஒரு சேர்வர் ஓடத் தேவையில்லை, பழுதாப்போனா அழிச்சுப்போட்டுத் திருப்பிச் செய்யலாம்.

எரர் எண்டு சொல்லேக்க, பெடியன்ர சிவப்புக்கு வாறன். அவன் அதைக் கண்டா உடன மேல இழுத்துவிட்டிட்டு அடுத்த வீடியோவுக்குப் போறவன். நான் அவனை வாசிக்கச் சொன்னன், ஒரு சொல்லும் விடாமல். அதில எழுதியிருந்தது, மைகிரேசனை (டேட்டாபேசின்ர அமைப்பை மாத்துற பைல்) நேரா இப்பிடி எடுக்க ஏலாது, எந்த ரெயில்ஸுக்கு எழுதினது எண்டு சொல்லு எண்டு, அதுக்குக் கீழ எப்பிடி எழுதோணும் எண்ட உதாரணமும், சதுர அடைப்புக்குள்ள நம்பர் போட்டு. விடையே அதுக்குள்ள இருக்கு! ரெயில்ஸ் 5.1ல இருந்து அந்த நம்பர் இல்லாமல் விடாது. அதைத் திருத்த அடுத்தது வந்துது, 'பிஃபோர் ஃபில்டர்' எண்ட மெதட் இல்லை எண்டு. அது ரெயில்ஸ் 4ல 'பிஃபோர் அக்சன்' எண்டு பேர் மாறி, 5.1ல பழைய பேரையே எடுத்துப்போட்டினம். ஆகவே இந்த ரெண்டு எரரைப் பாத்தாலே வீடியோவின்ர வயசைச் சொல்லிப்போடலாம். 'ரேக் டிபி மைகிரேட்' எண்டு அடிக்கச் சொன்னா அதுவும் ரெயில்ஸ் 5க்கு முந்தின பழக்கம், இப்ப 'ரெயில்ஸ் டிபி மைகிரேட்'. வெப்பாக்கர் (ஜாவாஸ்கிரிப்டைச் சேத்துக் கட்டுற பழைய ஜெம்) எண்டு கதைச்சா 6ம் வேர்சன் காலம். மாட்டின்ர பல்லைப் பாத்து வயசு சொல்லுற மாதிரி.

எரர் வந்தா முதல் வரியை வாசியுங்கோ, என்ன நடந்தது எண்டு அதில இருக்கும். பிறகு கீழ வாற நீளப் பட்டியலில 'அப்' எண்டு தொடங்குற முதல் வரியைத் தேடுங்கோ, அதுதான் உங்கட கோட், மிச்சம் எல்லாம் ரெயில்ஸின்ர உள்வீடு, அங்க உங்களுக்கு வேலை இல்லை. ரூபி 2.3ல இருந்து எழுத்துப் பிழை விட்டா "இதையா சொல்ல வந்தனீ" எண்டு அதுவே கேட்கும், 3.1ல இருந்து வரியில எந்த இடத்தில பிழை எண்டு கீழ கோடு போட்டும் காட்டும். இதை விட என்ன வேணும்.

அதுக்கும் விளங்கேல்லையா, பிழை வாற வரிக்கு மேல 'பைண்டிங் டொட் ஐஆர்பி' எண்டு ஒரு வரி எழுதிப்போட்டுப் பக்கத்தைத் திருப்பித் திறவுங்கோ. புரோகிராம் அந்த இடத்தில நிண்டு, சேர்வர் ஓடுற டேர்மினல்ல ஐஆர்பியைத் திறந்து தரும். அந்த நேரம் எந்தப் பெட்டிக்குள்ள (வேரியபிள் எண்டு சொல்லுறது) என்ன கிடக்கு எண்டு கேட்டுப் பாக்கலாம். கனக்க நேரம் பாத்தா நீங்கள் விவசாயி எண்டு நினைச்ச பெட்டிக்குள்ள 'நில்', அதாவது ஒண்டுமே இருக்காது. இதை விடப் பெரிய டிபகர் (பிழை தேடுற டூல்) எல்லாம் இருக்கு, 'டிபக்' எண்ட ஜெம் ரெயில்ஸ் 7ல இருந்து கூடவே வருது, ஆறுதலாப் பழகலாம்.

அடுத்தது ரெயில்ஸ் கொன்சோல். ஐஆர்பிதான், ஆனா உங்கட டேட்டாபேசும் உள்ளுக்க இருக்கும். கட்டாயம் 'சாண்ட்பொக்ஸ்' எண்டதைச் சேத்துத் திறக்கப் பழகுங்கோ, அப்பிடித் திறந்தா உள்ளுக்க என்ன கூத்துப் போட்டாலும் வெளியில வரேக்க டேட்டாபேசில நீங்கள் செய்த மாற்றம் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். பெடியன் 'டெலீற் ஓல்' எண்டா என்ன நடக்கும் எண்டு பாக்க ஆசைப்பட்டவன், இதுக்குள்ளதான் விட்டுப் பாத்தம், மாமாவின்ர கணக்கு தப்பிச்சுது.

புல்லட் எண்ட ஜெம் ஒண்டைப் பற்றியும் கட்டாயம் சொல்லவேணும், ஏனெண்டா இதில எல்லாரும் விழுறவை. மாமாவின்ர பக்கத்தில 100 விவசாயி, ஒவ்வொருத்தர் பேருக்கும் பக்கத்தில அவர் குடுத்த மூடை எத்தினை எண்டு காட்டவேணும். பெடியன் எழுதினது சரியாத்தான் வேலை செய்துது, ஆனா டேர்மினல்ல சேர்வர் எழுதுற பதிவைப் பாத்தா டேட்டாபேசுக்கு 101 தரம் போய்வந்திருக்கு. விவசாயிப் பட்டியல் எடுக்க ஒருக்கா, பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொருக்கா. கடையில நிண்டுகொண்டு 100 ஆளுக்கும் ஒவ்வொரு தரமாப் பின்னுக்குக் களஞ்சிய அறைக்கு நடக்கிற மாதிரி. இதை 'என் பிளஸ் வன்' எண்டு சொல்லுறது. விவசாயியை எடுக்கேக்கயே 'இன்க்ளூட்ஸ்' எண்டு போட்டு மூடையையும் சேத்துக் கேட்டா ரெண்டே ரெண்டு நடையில முடியும். லப்டொப்பில 10 பேரை வச்சுப் பாக்கேக்க இது தெரியவே தெரியாது, புல்லட் போட்டிருந்தா "இஞ்ச சும்மா நடக்கிறாய்" எண்டு அதுவே சொல்லும்.

ரூபோகொப், பிரேக்மன் ரெண்டும் ரெயில்ஸ் 7.2ல இருந்து புது அப் தொடங்கேக்கயே கூட வருது. முதலாவது கோடின்ர எழுத்து ஒழுங்கு பாக்கிறது, மற்றது பாதுகாப்பு ஓட்டை தேடுறது. பிரேக்மன் சொன்னா உடன கேளுங்கோ. ரூபோகொப் சொல்லுறதில சிலது சும்மா நச்சரிப்பு, முதல் மாசம் அதைக் கண்டுகொள்ளாதேங்கோ. டெஸ்ட் (கோட் சரியா ஓடுதோ எண்டு தானாச் சோதிக்கிற கோட்) எழுத மினிடெஸ்ட் ரெயில்ஸோட வரும், ஆர்ஸ்பெக் வேலைத்தலங்களில கனபேர் பாவிக்கிறது, முதல்ல மினிடெஸ்ட் காணும். எழுத விஎஸ் கோட், அதில ரூபி எல்எஸ்பி எண்ட எக்ஸ்டென்சன், ஷொப்பிஃபை ஆக்கள் செய்தது. அவ்வளவுதான்.

எங்க படிக்கிறது? ஒண்டைத்தான் சொல்லு எண்டா ரெயில்ஸ் கைட்ஸ், ரெயில்ஸ் செய்யிற ஆக்களே எழுதிறது. பக்கத்தின்ர மேல எந்த வேர்சனுக்கு எழுதினது எண்டு மாத்திப் பாக்கலாம், உங்கட மிசினில 'ரெயில்ஸ் மைனஸ் வி' எண்டு அடிச்சு வாற நம்பரோட அதைப் பொருத்திப்போட்டுத்தான் வாசிக்கத் தொடங்கோணும். இங்கிலிஸ் கொஞ்சம் கஷ்டம் எண்டாலும் அதின்ர இங்கிலிஸ் நேரானது, ஒரு பந்தி ஒரு நாளைக்கு எண்டு வாசிச்சாலும் போகும். ரெயில்ஸ் தெரியாமல் ரூபி மட்டும் ருசி பாக்கிறதுக்கு ட்ரை ரூபி, பிரவுசரிலயே ஓடும், போனிலயும் பாக்கலாம். ஒழுங்காப் பாடசாலை மாதிரி முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வேணும் எண்டா தி ஒடின் புரொஜெக்ட், காசு இல்லை, ரூபி ஒன் ரெயில்ஸ் எண்டு தனிப் பாதை இருக்கு, லினக்ஸ் போடுறதில இருந்து சொல்லித்தரும், ஆனா நீளம், மாசக் கணக்கில எடுக்கும், ரெண்டு கிழமையில முடிப்பம் எண்டு தொடங்காதேங்கோ.

எங்கட நிலைமைக்கு எனக்கு ஆகப் பிடிச்சது எக்ஸசிசம் எண்ட பயிற்சி சைற். இதுவும் காசு இல்லை. அவையின்ர சின்ன கொமாண்ட் டூல் ஒண்டைப் போட்டா பயிற்சிக் கணக்குகளை உங்கட மிசினுக்கே இறக்கித் தரும், ஒவ்வொண்டும் சில கேபிதான். கூடவே டெஸ்ட் பைல் வரும். நெற்றை நிப்பாட்டிப்போட்டு இருந்து எழுதலாம், டெஸ்ட் பச்சையா வந்தா சரி, அடுத்த தரம் ரீலோட் போடேக்க அனுப்பினாக் காணும். பிறகு மற்ற ஆக்கள் அதே கணக்கை எப்பிடிச் செய்திருக்கினம் எண்டு பாருங்கோ, நாங்கள் 15 வரியில எழுதினதை 2 வரியில எழுதியிருப்பினம், உண்மையான படிப்பு அதில இருக்கு. டொக்ஸ் வாசிக்க டெவ்டொக்ஸ் எண்ட சைற், ரூபி, ரெயில்ஸ் ரெண்டையும் ஒருக்கா இறக்கி வச்சா பிறகு நெற் இல்லாமலும் பிரவுசரில திறக்கும்.

வீடியோ பாக்கிறது பிழை எண்டு சொல்லேல்ல. கோரெயில்ஸ் மாதிரியான இடங்களில புதுசு வருது. ஆனா எதைத் திறந்தாலும் முதல் வேலை எந்த வருசம், எந்த ரெயில்ஸ் எண்டு பாக்கிறது. ஏஐயிட்டக் கேக்கிற ஆக்களுக்கும் இதேதான், "ரெயில்ஸ் 8, ரூபி 3.4" எண்டு நம்பரைச் சொல்லிக் கேளுங்கோ, சும்மா கேட்டா பழசும் புதுசும் கலந்து சாம்பாறு ஒண்டு வைச்சுத் தரும், பாக்க வடிவா இருக்கும், ஓடாது. கொஞ்சம் தேறின பிறகு மஸ்டொடோன், டிஸ்கோர்ஸ், ரெட்மைன் இதுகளின்ர கோடைத் திறந்து பாருங்கோ, எல்லாம் ரெயில்ஸில கட்டினது, திறந்த மூலம். முழுக்க விளங்காது. ஜெம்பைலை மட்டும் திறந்து என்னென்ன ஜெம் போட்டிருக்கினம் எண்டு பாத்தாலே ஒரு நல்ல பாடம்.

பெடியன்ர கதைக்கு வந்தா, அவன் பழைய வீடியோவை விட்டிட்டு கைட்ஸைப் பாத்து மாமாவின்ர கொப்பியைத் திருப்பித் தொடங்கினவன். பேர், எந்த இன நெல்லு, எத்தினை மூடை, விலை, குடுத்த காசு, மிச்சம், அவ்வளவுதான். சேர்வர் வாங்கிப் போடக் காசு இல்லை, ஹெரோக்கு எண்ட, வெப்சைற்றை ஓட விடுற சேவையில முந்தி காசில்லாமல் போடலாம், அதையும் 2022ல நிப்பாட்டிப்போட்டினம். அதால மாமாவின்ர போனில ஹொட்ஸ்பொட் போட்டு லப்டொப்பை அதில கொழுவி, 'ரெயில்ஸ் சேர்வர் மைனஸ் பி' எண்டு அடிச்சுப் பக்கத்தில நாலு சைபரைப் புள்ளி வச்சு எழுதினம். அப்பிடி விட்டா அதே நெற்வேர்க்கில இருக்கிற மற்ற மிசினுக்கும் தெரியும். போன் பிரவுசரில லப்டொப்பின்ர ஐபி நம்பரும் கோலனும் 3000மும் அடிக்க, பக்கம் வந்திட்டுது. டேட்டா ஒண்டும் போகேல்ல, எல்லாம் ரெண்டு பெட்டிக்கும் இடையிலதான்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலயும் கீழயும் தள்ளிப் பாத்தார். பாத்துப்போட்டு, "உது சரி தம்பி, ஈர நெல்லுக்கு மூடைக்கு இவ்வளவு கிலோ எண்டு கழிக்கிறனாங்களெல்லே, அதை எங்க போடுறது?" எண்டு கேட்டார். பெடியன் என்னைப் பாத்தான். நான் லப்டொப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டன், 'ரெயில்ஸ் ஜெனரேட் மைகிரேசன்' எண்டு அவனே அடிக்கத் தொடங்கினான்.